தரவைக் கோட்டைவிட்டது கம்பனி, அலைவது நாமா?

"எமது கணினி முறைமையில் அனுமதியற்ற ஊடுருவல் இடம்பெற்றுள்ளது, உங்கள் தகவல்களும் பாதிக்கப்பட்டிருக்கலாம்" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தால், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருக்கிற ஒருவர் முதலில் பார்ப்பது கணக்கில் காசு இருக்கிறதா என்றுதான். காசு அப்படியே இருந்தால் நிம்மதிப் பெருமூச்சு விட்டு அந்தச் செய்தியை அழித்துவிடுவார். அதுதான் முதல் பிழை. பின்னாளில் நீங்கள் எங்கே போய் எதைக் கேட்டாலும், கம்பனி தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட முதல் ஆதாரம் அந்தச் செய்திதான். அழிக்க வேண்டாம். அதில் ஒரு இணைப்பு இருந்தால் அதை அமத்தவும் வேண்டாம், ஏனென்றால் கசிவு பற்றிய அறிவித்தல் மாதிரியே வேடம் போட்டு வருகிற மோசடிச் செய்திகளும் உண்டு. கம்பனியின் கிளைக்கோ, அட்டையின் பின்புறத்தில் உள்ள இலக்கத்துக்கோ நீங்களே பேசி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சரி, செய்தி உண்மைதான் என்று தெரிந்துவிட்டது. இனி சட்டப்படி என்ன செய்யலாம்? நட்டஈடு கிடைக்குமா? யாரிடம் கேட்பது? இந்தக் கேள்விகளுக்கு இலங்கையில் ஒரே வரியில் பதில் கிடையாது. ஐந்தாறு வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலக்கெடு இருக்கிறது.

எது தரவுக் கசிவு?

திருடன் உள்ளே புகுந்து எடுப்பது மட்டும்தான் கசிவு என்று நினைக்கிறோம். ஊழியர் ஒருவர் வாடிக்கையாளர் பட்டியலைத் தவறான ஆளுக்கு அனுப்பினாலும் கசிவுதான். தரவு தொலைந்துபோனாலும், அழிந்தாலும், யாரோ மாற்றி எழுதினாலும் சட்டத்தின் கண்ணில் அது மீறல். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி முறைமையில் கப்பம் கேட்கும் மென்பொருள் புகுந்தபோது ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குப் பிரதி எடுத்து வைக்காததால் அவை போனது போனதுதான். அதற்குள் உங்கள் விண்ணப்பம் ஒன்று இருந்திருந்தால், யாரும் அதைப் படிக்காவிட்டாலும் நட்டம் உங்களுக்குத்தானே.

எது கசிந்தது என்பதும் முக்கியம். கடவுச்சொல் போனால் மாற்றலாம், வங்கி அட்டை போனால் புதிது வாங்கலாம். தேசிய அடையாள அட்டை இலக்கம் போனால்? அதை மாற்ற முடியாது. அதோடு அந்த இலக்கமே பேசும். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016 முதல் வந்த 12 இலக்க அட்டையில் ஆண்டு முழுதாகவே முன்னால் நிற்கிறது. ஆக, இலக்கம் கசிந்தாலே பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் சேர்ந்து கசிந்ததாக அர்த்தம்.

மலையகத்தில் இந்த அட்டையின் பிரதி எங்கெல்லாம் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சிம் வாங்கிய கடை, அடகுக் கடை, நுண்கடன் கம்பனி, வெளிநாட்டு வேலை முகவர், தோட்ட ஆபீஸ், போட்டோ கொப்பி அடித்த கடையின் மேசை. குழுக்கடன் என்றால் குழுத் தலைவியின் பைக்குள் பத்துப் பேருடைய பிரதிகள். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும் வரைக்கும் குடியுரிமைக்கே ஏங்கி நின்ற குடும்பங்கள், அட்டை கையில் கிடைத்ததும் கேட்டவருக்கெல்லாம் பிரதி கொடுக்கிற நிலைக்கு வந்திருக்கிறோம்.

புதிய சட்டம் எங்கே நிற்கிறது?

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. இதில் மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. தரவுக்குரியவர்: நீங்கள்.
2. கட்டுப்பாட்டாளர்: உங்கள் தரவை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவர். வங்கி, கடன் கம்பனி, தொலைபேசி நிறுவனம்.
3. செயன்முறைப்படுத்துநர்: அவர்களுக்காக வேலை செய்யும் இன்னொருவர். மென்பொருள் கம்பனி, குறுஞ்செய்தி அனுப்பும் கம்பனி.

"கசிந்தது எங்களிடமிருந்து இல்லை, மென்பொருள் செய்து தந்தவர்களிடமிருந்து" என்று கட்டுப்பாட்டாளர் கைகழுவப் பார்ப்பது வழக்கம். உங்களோடு ஒப்பந்தம் செய்தது யார், உங்கள் பிரதியை வாங்கியது யார் என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

கட்டுப்பாட்டாளரிடம் உள்ள உங்கள் தரவைப் பார்க்கும் உரிமை, பிழையைத் திருத்தும் உரிமை, சம்மதத்தை மீளப்பெறும் உரிமை, சில நிலைமைகளில் அழிக்கச் சொல்லும் உரிமை ஆகியவற்றை இந்தச் சட்டம் தருகிறது. எழுத்தில் கேட்டால் சட்டம் குறித்த காலத்துக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் அல்லது மறுத்தால் தரவுப் பாதுகாப்பு அதிகார சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். மீறல் நடந்தால் கட்டுப்பாட்டாளர் அதிகார சபைக்கு அறிவிக்கும் கடமையும் இருக்கிறது. அதிகார சபையின் பணிப்புகளுக்குக் கீழ்ப்படியாவிட்டால் ஒரு மீறலுக்கு 1 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. சட்டம் 2022 மார்ச்சில் வந்தது, ஆனால் முழுதாக ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. அதிகார சபையை அமைக்கும் பகுதி 2023 ஜூலையில் வந்தது. உங்கள் உரிமைகளும் கம்பனிகளின் கடமைகளும் அடங்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 இல் வர இருந்து பிற்போடப்பட்டன. அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் வந்தது. ஆகவே இந்தச் சட்டத்தைக் காட்டிக் கடிதம் எழுதுமுன், குறித்த பகுதி நடைமுறைக்கு வந்த திகதியை வர்த்தமானியில் பாருங்கள். கசிவு அந்தத் திகதிக்கு முந்தியதா பிந்தியதா என்பதில்தான் கம்பனியின் வக்கீல் முதலில் தொங்குவார்.

இன்னொன்று: தண்டம் வேறு, நட்டஈடு வேறு. 1 கோடி தண்டம் என்று செய்தியில் வந்தால் அது கம்பனிக்கு விழுந்த அடி. உங்கள் கைக்கு வரும் காசு என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம்.

அமெரிக்காவில் காசு கொடுத்தார்களே?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 2017 இல் எக்குவிபக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 14 கோடி 70 இலட்சம் பேருடைய தரவு போனது. 2019 இல் எட்டிய இணக்கத்தில் பாதிக்கப்பட்டோருக்காக 42.5 கோடி டொலர் வரை ஒதுக்கினார்கள். ஆளுக்கு 125 டொலர் என்று செய்தி பரவியது. அந்த வகைக்கு ஒதுக்கியது 3.1 கோடி டொலர் மட்டும், கேட்டவர்களோ ஏராளம், கடைசியில் பலருக்கு அதைவிட மிகக் குறைவாகவே கிடைத்தது. அங்கே ஒரு வழக்கில் கோடிக்கணக்கானோரை ஒரே கூட்டமாகச் சேர்க்கிற முறை இருக்கிறது. இங்கே அந்த முறை இல்லை. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 16 ஆம் பிரிவில் ஒரே நலன் கொண்ட பலருக்காக ஒருசிலர் நீதிமன்ற அனுமதியோடு வழக்காடலாம் என்று இருக்கிறது, ஆனால் அது அமெரிக்கக் கூட்டு வழக்கு மாதிரி ஓடுகிற இயந்திரம் அல்ல.

எந்தக் கதவைத் தட்டுவது?

1. முதலில் கம்பனிக்கே, எழுத்தில். என்ன தரவு போனது, எப்போது போனது, எப்போது தெரிந்தது, தரவுப் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவித்தார்களா, என் கணக்கைப் பாதுகாக்க என்ன செய்கிறார்கள். இந்த ஐந்தையும் கேளுங்கள். போனில் கேட்டால் "பார்க்கிறோம் அக்கா" என்பதோடு முடியும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள்.

2. வங்கி அல்லது உரிமம் பெற்ற நிதிக் கம்பனி என்றால் உங்கள் நிலை கொஞ்சம் பலம். வங்கிச் சட்டத்தின் 77 ஆம் பிரிவு வாடிக்கையாளர் விடயங்களில் இரகசியம் காக்கும் கடமையை ஊழியர் வரைக்கும் சுமத்துகிறது. மத்திய வங்கி 2023 இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. வங்கியிடம் முறையிட்டும் சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குப் போகலாம், இலக்கம் 1935. நிதியியல் குறைகேள் அதிகாரியிடமும் போகலாம், கட்டணம் இல்லை. தெருவில் வட்டிக்கு விடுகிறவருக்கும் உரிமமில்லாத கடன் செயலிக்கும் இந்தக் கதவு பொருந்தாது.

3. காசு போயிருந்தாலோ உங்கள் பெயரில் யாரும் எதுவும் செய்திருந்தாலோ பொலிஸ். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றிக் கணினிக்குள் புகுவதைக் குற்றமாக்குகிறது. அட்டை மோசடிக்கு 2006 இன் 30 ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது. கணினிக் குற்றச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு விடயம்: குற்றவாளி தண்டிக்கப்பட்டு, அதனால் உங்களுக்கு நட்டம் வந்ததும் நிரூபணமானால் நீதிமன்றம் நட்டஈட்டுக்கும் கட்டளையிடலாம். ஆனால் அது திருடனிடமிருந்து வருவது. திருடன் எந்த நாட்டில் இருக்கிறானோ! கணக்கு முடக்குவது, போலிக் கணக்கு அகற்றுவது போன்ற தொழில்நுட்ப உதவிக்கு, கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட், இலக்கம் 101.

4. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, இலக்கம் 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை தருகிறவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் தருவார் என்ற உத்தரவாதம் சொல்லாமலே ஒப்பந்தத்துக்குள் இருப்பதாகக் கொள்ளப்படும். முறைப்பாடு எழுத்தில், சேவை தந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள். இந்தக் கெடுதான் பலரைக் கவிழ்க்கிறது.

5. அரச நிறுவனத்திடமிருந்து கசிந்திருந்தால் கதை வேறு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் என்ன நடந்தது என்று கேட்கலாம், தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதானால் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி ஒரே ஒரு மாதம்தான்.

6. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு. இதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

வழக்குப் போட்டால் நிற்குமா?

இலங்கையில் இந்த மாதிரி வழக்குக்கு அடிப்படை உரோம டச்சுச் சட்டம். கவனயீனத்தால் பண நட்டம் வந்தால் கேட்க ஒரு வழி, மானம் மரியாதை அந்தரங்கம் புண்பட்டால் கேட்க இன்னொரு வழி. இரண்டாவது வழியில் எதிராளி வேண்டுமென்றே செய்தார் என்று காட்ட வேண்டும். கதவைப் பூட்ட மறந்த கம்பனி வேண்டுமென்றே செய்யவில்லை. ஆகவே "என் தகவல் போய்விட்டதே என்று இரண்டு மாதம் தூக்கமில்லை" என்பதை மட்டும் வைத்து வெல்வது மிகக் கடினம். பணம் போயிருந்தால் வழக்குக்கு உயிர் இருக்கிறது.

காலக்கெடு 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. கவனயீனம் போன்ற தீங்கியல் வழக்குக்கு 2 ஆண்டு, எழுத்து மூல ஒப்பந்தத்தை மீறியதற்கு 6 ஆண்டு. கையெழுத்திட்ட கடன் ஒப்பந்தம் இருந்தால் அதைத் தேடி எடுங்கள், நான்கு ஆண்டு கூடுதலாகக் கிடைக்கும். மேலே சொன்ன அதிகார சபைகளிலோ மத்திய வங்கியிலோ முறைப்பாடு போட்டிருக்கிறோமே என்று காத்திருந்தால், இந்தக் காலம் அதற்காக நிற்காது.

ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் "தரவு இழப்புக்குக் கம்பனி பொறுப்பல்ல" என்று இருக்கும். அதைப் பார்த்துச் சோர வேண்டாம். 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம், கவனயீனத்துக்கான பொறுப்பைக் கழற்றிவிடும் வாசகம் நியாயமானதா என்று கேள்வி கேட்க இடம் தருகிறது.

இனி உண்மையான இடைஞ்சல். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். கடன் கம்பனியின் தரவு கசிந்து ஒரு மாதம். ஒரு அழைப்பு வருகிறது. "அக்கா, உங்கட நாலாவது தவணை ஐந்தாம் திகதிதானே, வட்டியில கழிவு வந்திருக்கு, போனுக்கு ஒரு நம்பர் வரும் சொல்லுங்க." அவர் போனுக்கு வந்த அந்த ஒருமுறை இலக்கத்தை, அதாவது ஓடிபியைச் சொல்கிறார். வங்கிக் கணக்கு காலி. வங்கி சொல்கிறது: நீங்களே சொன்னீர்கள், எங்கள் பிழை இல்லை. கடன் கம்பனி சொல்கிறது: உங்கள் வங்கிக் கணக்குக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்வது சரி மாதிரித்தான் தெரியும். கசிவுக்கும் நட்டத்துக்கும் நடுவில் ஒரு கயிறு இருக்கிறது என்று காட்ட வேண்டியது அந்தப் பெண்ணின் பொறுப்பு. எப்படிக் காட்டுவது?

1. அழைத்தவனுக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்பதை அன்றே எழுதி வையுங்கள். தவணை இலக்கம், திகதி, கடன் தொகை. கம்பனிக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு விடயம் அவன் வாயில் வந்திருந்தால் அதுதான் கயிறு.

2. பக்கத்து வீட்டைக் கேளுங்கள். தோட்டத்தில் குழுக்கடன் என்பதால் ஒரே லயத்தில் ஏழெட்டுப் பெண்கள் அதே கம்பனியிடம் வாங்கியிருப்பார்கள். அதே வாரம் அவர்களுக்கும் அதே கதையோடு அழைப்பு வந்ததா? கடன் வாங்காத வீட்டுக்கு வரவில்லையா? கொழும்பு மாடிவீட்டில் இருக்கிறவருக்குக் கிடைக்காத சாட்சி இது. வந்த அழைப்புகளின் திகதி, நேரம், இலக்கம் எல்லாம் ஒரு கொப்பியில் வரட்டும், ஒவ்வொருவரும் தன் வரிக்குப் பக்கத்தில் கையெழுத்திடட்டும்.

3. போனை மாற்றாதீர்கள், குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டப்படி மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க இடமுண்டு.

4. வங்கிக்கு அறிவித்த நேரத்தைக் குறித்து வையுங்கள். காசு போனதற்கும் நீங்கள் சொன்னதற்கும் இடையில் எவ்வளவு நேரம், நீங்கள் சொன்ன பிறகும் காசு போனதா? அறிவித்த பிறகு போன ரூபாய்க்கு வங்கியிடம் பேசும் உங்கள் குரல் வேறு மாதிரி இருக்கும்.

இவ்வளவும் இருந்தாலும், சிறிய தொகைக்கு வழக்குப் போடுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது என்பதே என் கணிப்பு. ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் ஒரு நாள் பேர், அதாவது தோட்டத்து நாட்சம்பளம் போகும், பஸ் காசு போகும். அந்த ஆதாரங்களையே வைத்து மத்திய வங்கி வழியிலோ குறைகேள் அதிகாரி வழியிலோ அழுத்தம் கொடுப்பதில்தான் பலன் விரைவு. வருமானம் குறைந்தவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978 முதல். கோரிக்கைக் கடிதம் எழுதுவதற்கு முன் அங்கே ஒரு தடவை ஆவணங்களைக் காட்டுவது நல்லது.

முகவரியும் மொழியும்

இது சட்டப் புத்தகத்தில் இல்லாத சிக்கல். தோட்டத்து முகவரி என்றால் பெயர், டிவிஷன், தோட்டம், அவ்வளவுதான். கடிதம் ஆபீசுக்கு வந்து, அங்கே கிடந்து, யாரோ கையில் கொடுத்தனுப்பி, சில நேரம் அதே பெயருள்ள இன்னொருவர் வீட்டுக்குப் போகும். கம்பனி காலக்கெடுவுக்குள் பதில் போட்டுவிட்டதாகச் சொல்லும், உங்களுக்கு வந்திருக்காது. ஆகவே முறைப்பாட்டில் டவுனில் உள்ள நம்பிக்கையான ஒருவரின் முகவரியையோ பிள்ளைகளின் மின்னஞ்சலையோ கொடுங்கள், அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி நான்கை மட்டும் எழுதுங்கள். கசிவைப் பற்றி முறையிடும் கடிதத்தோடு முழு அட்டையின் பிரதியை இணைத்து அனுப்புவது வேடிக்கை, ஆனாலும் நடக்கிறது. பிரதி கட்டாயம் என்றால் அதன் குறுக்கே எதற்காகக் கொடுத்தது, எந்தத் திகதி என்று எழுதிக் கொடுங்கள்.

பொலிசிலும் அரச அலுவலகங்களிலும் தமிழில் தொடர்புகொள்வதற்கு அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் இடம் தருகிறது. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் புரியாமல் கையெழுத்திட வேண்டாம். "கசிந்தது", "நானே கொடுத்தேன்" என்ற இரண்டும் மொழிபெயர்ப்பில் இடம் மாறினால் முறைப்பாடே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

ஆறு மாதம் கழித்து வரும் கசிவு

அடையாள அட்டை இலக்கம் போனவர்களுக்கு ஆபத்து உடனே தெரியாது. உங்கள் பெயரில் வேறு யாரோ தவணைக்குப் போனோ மோட்டார் சைக்கிளோ எடுத்திருப்பார்கள், நீங்கள் வங்கிக்குப் போய்க் கடன் கேட்கும் அன்றுதான் "கிரிப்பில் பிரச்சினை இருக்கு" என்பார்கள். கிரிப் என்பது 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த கொடுகடன் தகவல் பணியகம். அது கறுப்புப் பட்டியல் அல்ல. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் கொடுக்கிற கடன் விவரத்தை வைத்திருக்கும் இடம். உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு எடுக்கலாம். கசிவுச் செய்தி வந்ததும் ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். தொலைபேசி நிறுவனத்திடம் உங்கள் அட்டையில் எத்தனை சிம் பதிவாகியிருக்கிறது என்றும் கேளுங்கள்.

எடுக்காத கடன் ஒன்று அதில் இருந்தால் கிரிப்பிடம் சண்டை பிடித்துப் பயனில்லை, ஏனென்றால் அவர்கள் தாங்களாக எதையும் எழுதுவதில்லை, கடன் கொடுத்தவர் தந்ததைத்தான் காட்டுகிறார்கள். திருத்த வேண்டியவர் கடன் கொடுத்தவர். அவரிடம் எழுத்தில் கேளுங்கள்: விண்ணப்பப் படிவத்தைக் காட்டுங்கள், அதில் உள்ள கையெழுத்தைக் காட்டுங்கள், பொருளைப் பெற்றுக்கொண்டவரின் படத்தைக் காட்டுங்கள், தவணை அறிவித்தல் போன தொலைபேசி இலக்கம் யாருடையது என்று சொல்லுங்கள். அந்தக் கடிதத்தின் பிரதியைக் கிரிப்புக்கும், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தோடு மத்திய வங்கிக்கும் அனுப்புங்கள். பதில் வரும் வரை அந்தக் கடனுக்கு நூறு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். தொல்லை தாங்காமல் ஒரு தவணை கட்டினாலும், கடனை நீங்களே ஏற்றுக்கொண்டதற்கு அதை அடையாளமாகக் காட்டுவார்கள்.